அசோகர் கலிங்கத்தில் எழுதாத கல்வெட்டு

இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு, ஊர்: தேவதானம்

நம் பேரவை மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். காந்தி, காமராசர், கலாம் என்று நல்ல பெயர்களையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நான் அசோகர் என்றதும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரித்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். அசோகர் என்றால் சாலையோரம் மரம் நட்டவர், அவ்வளவுதான். அஞ்சாம் வகுப்பிலிருந்து நாம எல்லாரும் ரெண்டு மார்க்குக்கு எழுதி வந்த பதில் அது. சிவில் படிக்கிற எங்களுக்கு ஹைவே இன்ஜினியரிங் பாடத்தில்கூட சாலையோர மரம் வளர்ப்பு வருகிறது. அங்கேயும் ஆளை விடுவதில்லை!

மரம் நட்டது உண்மைதான். ஆனால் அந்த மனுசன் வாழ்நாள் முழுக்க இன்னொன்றையும் சுமந்துகொண்டு இருந்தார். தன் கையாலேயே செய்த ஒரு பெரிய கொடுமையின் நினைவு. அதை அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன்.

பிறப்பு வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டனார் சந்திரகுப்த மௌரியர், தந்தை பிந்துசாரர், தலைநகர் பாடலிபுத்திரம், அதாவது இன்றைய பாட்னா. கி.மு. 268 வாக்கில் முடிசூட்டிக்கொண்டார். அரியணைக்காகத் தொண்ணூற்றொன்பது சகோதரர்களைக் கொன்றார் என்று இலங்கையின் பழைய பௌத்த நூல்கள் சொல்கின்றன. இதை நான் நம்பவில்லை. அவருடைய கல்வெட்டு ஒன்றிலேயே தன் சகோதர சகோதரிகளின் வீடுகளுக்கும் அறநெறி அதிகாரிகளை நியமித்ததாக வருகிறது. வெள்ளையடிப்பதற்கு முன்னால் சுவரைக் கறுப்பாகக் காட்டினால்தான் வெள்ளை எடுப்பாகத் தெரியும் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் செய்த கொடுமைக்கு அவரே எழுதி வைத்த சாட்சி இருக்கும்போது, கதை எதற்கு?

அந்தக் கொடுமைதான் கலிங்கப் போர். முடிசூட்டி எட்டு ஆண்டுகள் ஆனபோது, கி.மு. 260 வாக்கில், இன்றைய ஒடிசாவின் கடற்கரைப் பகுதியை ஒட்டியிருந்த கலிங்கத்தின் மேல் படையெடுத்தார். ஜெயித்தார். பொதுவாக ராஜாக்கள் கல்லில் வெட்டுவது ஜெயித்த கதையைத்தான். எங்க ஊர் கோவில் சாமிக்கே நச்சாடை தவிர்த்தவர் என்று பெயர். பாண்டியனைக் கொல்லச் சோழன் அனுப்பிய நஞ்சு தோய்த்த ஆடையிலிருந்து காப்பாற்றியவர் என்று தலபுராணம் சொல்கிறது. ராஜாக்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டது அந்த லட்சணம். அசோகரும் கல் வெட்டினார். ஆனால் அவருடைய பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் இருப்பது வேறு கணக்கு. நாட்டைவிட்டுப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் ஒன்றரை லட்சம் பேர். அங்கேயே கொல்லப்பட்டவர்கள் ஒரு லட்சம் பேர். வேறு வகையில் செத்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. தோற்றவன் சொன்ன புகார் அல்ல நண்பர்களே, ஜெயித்தவனே எண்ணிச் சொன்ன கணக்கு!

எண்ணிக்கையோடு நின்றிருந்தால்கூட நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். நம் நூலகத்தில் இந்தக் கல்வெட்டுகளின் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதில் ஒரு இடம் என்னை நிறுத்திவிட்டது. செத்தவர்களைச் சொன்ன பிறகு அசோகர் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிச் சொல்கிறார். தங்களுக்கு ஒரு காயமும் படாமல் தப்பித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய பாசம் குறையவில்லை. அதனால் தங்கள் நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் நேர்ந்தது அவர்களையும் அடிக்கிறது என்கிறார். பெற்றோரை மதித்து, பெரியவர்களை மதித்து, வேலைக்காரர்களைக்கூட ஒழுங்காக நடத்திச் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்த வீடுகளில் இது நடந்தது என்றும் சொல்கிறார். அன்று நடந்ததில் நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு இனி நடந்தாலும் தனக்கு அது பெரிய வேதனையாகவே இருக்கும் என்கிறார். பாசம் உள்ளவனுக்குத்தான் நினைவு வலிக்கும் என்பதை ஒரு சக்கரவர்த்தி கவனித்திருக்கிறார். எனக்கு அது ஆச்சரியம்தான்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கதைப்படி, போர்க்களத்தைப் பார்த்தார், வாளைக் கீழே போட்டார், அன்று சாயங்காலமே புத்த மதத்தில் சேர்ந்துவிட்டார். சினிமாவுக்குப் பொருத்தமாக இருக்கும். கல் அப்படிச் சொல்லவில்லை. சிறு பாறைக் கல்வெட்டுகளில் அவர் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள்: இரண்டரை ஆண்டுக்கு மேலாக உபாசகனாக, அதாவது இல்லறத்தில் இருக்கும் பௌத்தனாக இருந்தேன், அதில் முதல் ஓராண்டு பெரிய முனைப்பு ஒன்றும் காட்டவில்லை, பிறகு சங்கத்தாரை அணுகிய பின்தான் முனைந்தேன் என்று பொருள்படும்படி சொல்கிறார். எல்லாம் மெதுவாகத்தான் நடந்திருக்கிறது. முடிசூட்டிப் பத்தாம் ஆண்டில்தான் வேட்டைப் பயணத்தை விட்டுவிட்டுப் புத்தர் ஞானம் பெற்ற இடத்துக்குப் போகிறார். அரண்மனை அடுப்பங்கரையில் ஒரு காலத்தில் குழம்புக்காகத் தினமும் பல லட்சக்கணக்கான உயிர்களை வெட்டினார்களாம். அதைக் குறைத்து, இந்தச் சாசனம் எழுதும்போது ரெண்டு மயில், ஒரு மான் என்று ஆக்கியிருக்கிறார். அந்த மானும் தினமும் கிடையாது, இனிமேல் இந்த மூன்றும் கிடையாது என்று முடிக்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. முழுசாக நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ரெண்டு மயில் பாக்கி இருக்கிறது என்று எழுதுகிறவன் மற்றக் கணக்கையும் ஒழுங்காகத்தான் எழுதியிருப்பான்.

சரி, சங்கத்தாரிடம் போனாரே, அவர்கள் என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. ராஜஸ்தானில் பைராட் என்ற இடத்தில் கிடைத்த கல் இப்போது கொல்கத்தாவில் ஆசியச் சங்கத்தில் இருக்கிறது. அதில் பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டியவை என்று ஏழு உபதேசங்களின் பெயரை அசோகரே குறிப்பிடுகிறார். அதில் ஒன்று, புத்தர் தன் மகன் ராகுலனுக்குப் பொய்யைப் பற்றிச் சொன்ன உபதேசம். பாலி நூல்களில் அது இன்றைக்கும் இருக்கிறது. ராகுலன் அப்போது சின்னப் பையன். புத்தர் அவனிடம் கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான். அதுபோல ஒரு செயலைச் செய்வதற்கு முன்னும் பார், செய்துகொண்டிருக்கும்போதும் பார், செய்து முடித்த பிறகும் பார் என்கிறார். செய்து முடித்தது பிறருக்குத் துன்பம் தந்தது என்று தெரிந்தால், ஆசிரியரிடமோ விவரம் தெரிந்த தோழரிடமோ மறைக்காமல் திறந்து சொல், இனிமேல் அடக்கத்தோடு இரு என்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, மறந்துவிடு என்று அவர் சொல்லவே இல்லை. பார்க்கத்தான் சொல்கிறார்.

அதற்காக ராத்திரி பகலாக அதையே நினைத்து நொந்துகொண்டிரு என்றும் சொல்லவில்லை. மனசு தெளியவிடாமல் தடுக்கும் ஐந்து தடைகள் என்று பௌத்தத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆசை, வெறுப்பு, சோம்பல், சந்தேகம் என்பவற்றோடு, மனம் அலைபாய்ந்து நடந்ததை எண்ணி உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருப்பதையும் ஒரு தடையாகச் சேர்த்திருக்கிறார்கள். குற்ற உணர்ச்சியைப் புண்ணியக் கணக்கில் வைக்காமல் தடைகளின் கணக்கில் வைத்துவிட்டார்கள்! நாலந்தாவில் ஓர் ஊர்த்தலைவரிடம் புத்தர் பேசியதாக இன்னொரு உபதேசம் இருக்கிறது. அசோகரின் பட்டியலில் அது இல்லை, ஆனால் விசயத்தை அதைவிட நேராகச் சொன்ன இடத்தை நான் பார்க்கவில்லை. கெட்டது செய்துவிட்டேன், அது சரியல்ல என்று ஒருவன் ஒத்துக்கொள்கிறான். ஆனால் எவ்வளவு வருந்தினாலும் செய்தது செய்யாததாகிவிடாது என்பதையும் பார்க்கிறான். அதனால் அந்தச் செயலை விடுகிறான், இனிச் செய்வதில்லை என்று இருக்கிறான், பிறகு எல்லா உயிர்கள் மேலும் அன்பைப் பரப்புகிறான். பலமான ஆள் சங்கு ஊதினால் நாலு திசைக்கும் சத்தம் கேட்பதுபோல அந்த அன்பு போகும் என்று உவமை. ஒத்துக்கொள், அரித்துக்கொள்ளாதே, வேலையைப் பார் என்று எங்க ஊர்ப் பேச்சில் சொல்லிவிடலாம்.

இப்போது அசோகர் விசயத்துக்கு வருகிறேன். பதின்மூன்றாம் கல்வெட்டு எங்கெங்கே இருக்கிறது தெரியுமா? குஜராத்தில் கிர்னார், இமயமலை அடியில் கால்சி, ஆந்திரத்தில் எர்ரகுடி, இன்றைய பாகிஸ்தானில் சாபாஸ்கர்கி, மான்சேரா. ஆப்கானிஸ்தானில் காந்தகாரில் கிரேக்க மொழியிலேயே இருக்கிறது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தான் செய்ததை எழுதி வைத்துவிட்டார். கலிங்கத்திலும் அவருடைய பெரிய பாறைக் கல்வெட்டுகள் இரண்டு இடத்தில் இருக்கின்றன, புவனேசுவரத்துக்குப் பக்கத்தில் தவுளி, கஞ்சம் மாவட்டத்தில் ஜௌகடா. மற்றச் சாசனங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று மூன்றும் மட்டும் இல்லை. அடிபட்ட நாட்டில் அந்தக் கணக்கை அவர் எழுதவில்லை.

இது அரசியல் தந்திரம் என்று வரலாற்று ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். தோற்ற மக்களிடம் போய் உங்களில் ஒரு லட்சம் பேரைக் கொன்றேன் என்று நினைவுபடுத்தினால் கிளர்ச்சி வராதா? இருக்கலாம், ராஜா ராஜாதானே. ஆனாலும் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அதற்கு எங்க தாத்தா கதையைச் சொல்ல வேண்டும்.

தேவதானம் மேற்கு மலை அடிவாரத்து ஊர். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. தாத்தா அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கூலி வேலை பார்த்தவர், கையெழுத்துப் போடத் தெரியாது. வாலிபத்தில் ஒரு கோடையில் முறைத்தண்ணித் தகராறு வந்து, மம்பட்டிக் கணையால் ஒருத்தரை அடித்துவிட்டார். அந்த மனிதருக்கு வலது கை அப்புறம் நேராக நீளவே இல்லை. தாத்தா இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, எல்லாம் அப்பத்தா சொல்லித் தெரிந்ததுதான். அந்தத் தெரு வழியாகப் போகாமல் கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போவாராம். ராத்திரி தூக்கத்தில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். வயசான காலத்தில் ஒருநாள், அந்த மனுசன் வாசலில் போய் நின்று எல்லாத்தையும் சொல்லி அழுதுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். அப்பத்தா விடவில்லை. நீ அழுது உன் பாரத்தை இறக்கி வச்சுட்டு வந்துருவ, அத ராத்திரி பூரா அந்த மனுசன் சுமக்கணுமா என்று கேட்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து தாத்தா அந்த வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்துக் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தார். அந்த வீட்டில் யாரும் பேசவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நடக்கிற தெம்பு இருந்தவரை அது நடந்தது.

என் அப்பத்தா பள்ளிக்கூடப் படி மிதிக்காதவள். ஆனால் தவுளியில் அசோகர் செய்ததும் அவள் சொன்னதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது. ஏனென்றால் நீக்கிய மூன்றுக்குப் பதிலாகக் கலிங்கத்தில் அவர் தனியாக இரண்டு சாசனங்களை வெட்டி வைத்தார். அவை முழுக்க முழுக்க அங்கே இருந்த அவருடைய அதிகாரிகளுக்கான உத்தரவுகள். எல்லா மனிதரும் தன் பிள்ளைகள், தன் பிள்ளைகளுக்கு விரும்பும் நன்மையையே எல்லாருக்கும் விரும்புவதாகச் சொல்லிவிட்டு, நேராக வேலைக்கு வந்துவிடுகிறார். காரணமில்லாமல் யாரும் சிறையில் கிடக்கக்கூடாது, சித்திரவதை கூடாது. பொறாமை, கோபம், அவசரம், சோம்பல், களைப்பு இவையெல்லாம் இருந்தால் நியாயமாக நடக்க முடியாது, அதனால் இவற்றை விடுங்கள் என்கிறார். உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க, கடுமை இல்லாத ஒரு அதிகாரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அனுப்புவதாகவும் சொல்கிறார். அதிகாரிக்குக் களைப்பு வந்தால் ஏழைக்கு நியாயம் போய்விடும் என்பதை இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே கல்லில் எழுதியிருக்கிறார். ஏதாவது ஒரு சான்றிதழுக்காக மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீஸ் வாசலில் நின்ற நம்மில் பலருக்கு இதன் அருமை புரியும். நம் மணிமேகலைக் காப்பியத்திலும், காயசண்டிகை உருவில் இருந்த மணிமேகலை சோழ மன்னனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள் என்று வருகிறது. பௌத்தர்களுக்குத் துன்பம் என்றதும் சிறை நினைவுக்கு வந்திருக்கிறது போலும்.

அசோகரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. சில விசயங்கள் தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கின்றன. கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டு போன ஒன்றரை லட்சம் பேரை ஊருக்கு அனுப்பி வைத்ததாகக் கல்வெட்டில் ஒரு வரியும் இல்லை. வருத்தம் சொல்லும் அதே பதின்மூன்றாம் கல்வெட்டில், காட்டில் வாழும் மக்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: வருந்தினாலும் தன்னிடம் பலம் இருக்கிறது, ஒழுங்காக இருந்தால் உயிர் தப்பலாம் என்ற தோரணை. மலையடிவாரத்தில் இருந்து வரும் எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. மரண தண்டனையையும் அவர் ஒழிக்கவில்லை. தூணில் வெட்டிய சாசனத்தில், தண்டனை விதிக்கப்பட்டவனுக்கு மூன்று நாள் அவகாசம் தந்ததாக மட்டும் இருக்கிறது. உறவினர்கள் மன்றாடலாம், அவன் மறுமைக்காக நோன்பு இருக்கலாம். மூன்று நாள்! மயில் கணக்குப் போலத்தான் இதுவும், பாக்கி இருக்கிறது. ஆனால் ஒன்று. கலிங்கத்துக்குப் பிறகு அவர் இன்னொரு நாட்டின் மேல் படையெடுத்ததாகத் தெரியவில்லை. தன் மகன்களும் பேரன்களும்கூடப் புதிய வெற்றிகளை நினைக்க வேண்டாம் என்று எழுதி வைத்தார்.

தெற்கே அவர் அனுப்பியது மருந்து. இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை வரை, மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகவும், மூலிகை இல்லாத இடங்களுக்குக் கொண்டுவந்து நடச் செய்ததாகவும், வழியில் கிணறு வெட்டி மரம் வைத்ததாகவும் சொல்கிறார். பாண்டிய நாடு என்றால் நம்ம பகுதியும்தான்! அந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் ரொம்ப நாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1981ல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அந்தப் பட்டம் இருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவரின் குலப்பெயர் அசோகரின் கல்லில் இருக்கிறது என்றால் நமக்கு அவர் அவ்வளவு அந்நியர் இல்லை.

மிச்ச வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடலாம். இருபதாம் ஆண்டில் புத்தர் பிறந்த லும்பினிக்குப் போய்த் தூண் நிறுத்தி, அந்த ஊருக்கு வரியைக் குறைத்தார். மகன் மகிந்தரும் மகள் சங்கமித்திரையும் இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுபோனதாக இலங்கை நூல்கள் சொல்கின்றன. அனுராதபுரத்தில் நிற்கும் போதிமரம் அப்போது சங்கமித்திரை கொண்டுபோன கிளையிலிருந்து வந்தது என்பது அங்கே நம்பிக்கை.

இருபத்தேழாம் ஆண்டில் வெட்டிய தூண் சாசனத்தில்தான் நம்முடைய ரெண்டு மார்க் விடை வருகிறது. மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர ஆலமரம் நட்டேன், மாந்தோப்பு வைத்தேன், தூரம் கணக்கிட்டுக் கிணறு தோண்டினேன், தண்ணீர்ப்பந்தல் அமைத்தேன் என்று பட்டியல் போடுகிறார். அதற்கு அடுத்த வரியை எந்த வகுப்பிலும் நமக்குச் சொல்லித் தரவில்லை. இந்த வசதிகள் எல்லாம் சின்ன விசயம், தனக்கு முன்னால் இருந்த ராஜாக்களும் இதையெல்லாம் செய்திருக்கிறார்கள், மக்கள் அறத்தில் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் தான் செய்தேன் என்கிறார்.

கி.மு. 232 வாக்கில் அசோகர் காலமானார். ஐம்பது ஆண்டுக்குள் மௌரிய அரசு முடிந்தது. பிறகு அந்த எழுத்தையே படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனார்கள். 1837ல் ஜேம்ஸ் பிரின்செப் அதைப் படித்துக் காட்டும்வரை ஊர்க்காரர்களுக்கு அது கல்லில் இருந்த கீறல்கள்தான். ஆனால் வெட்டிய காலத்தில் தவுளிச் சாசனத்தை யாரும் தானாகப் படித்துக்கொள்வார்கள் என்று அசோகர் விட்டுவிடவில்லை. நாலு மாதத்துக்கு ஒருமுறை திஷ்ய நட்சத்திரத்தன்று, அதாவது நம்முடைய பூசத்தன்று, அதைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று அதிலேயே உத்தரவு இருக்கிறது. இடைப்பட்ட நாளில் ஒரே ஒரு ஆள் வந்து கேட்டாலும் அவருக்காகவும் வாசிக்க வேண்டுமாம்.